சக்கரத்தை மாற்றும்போது காற்றழுத்தச் சென்சாரை என்ன செய்வது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டி இருக்கிறது. கம்பெனியிலிருந்தே வந்த 18 அங்குல அலாய் சக்கரங்களில், டயருக்குள் காற்று எவ்வளவு இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்லும் காற்றழுத்தச் சென்சார்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் அந்த டயர்கள் வழுக்குகின்றன. அதனால் மழைக்காலத்துக்கென்று 16 அங்குல இரும்பு ரிம்களும் கரடுமுரடான பாதைக்கான டயர்களும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு டயர் கடைக்காரர், பழைய சென்சார்களையே கழற்றி இரும்பு ரிம்மில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். இன்னொருவர், சென்சாரே வேண்டாம், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். வண்டிக்கு ஆறு வயதாகிறது. யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இருவர் பேச்சும் வேண்டாம். இரண்டாவதாக நான்கு சக்கரங்கள் வாங்கியவர், அவற்றுக்கென்று நான்கு சென்சார்களையும் வாங்கிவிட வேண்டும். அதையும் புதிய டயர் ரிம்மில் ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். டயர் ஏறி, காற்று பிடித்து, பேலன்சிங்கும் முடிந்த பிறகு சென்சாரைப் பற்றி நினைத்தால் அத்தனை வேலையையும் மறுபடி முதலிலிருந்து செய்து, கூலியையும் இரண்டு மடங்கு கொடுக்க நேரும்.

பழைய சென்சாரைக் கழற்றிப் போடுவது செலவில்லாத வழியாகத் தோன்றும். ஆனால் மழைக்கு முன் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை என்று ஆண்டுக்கு இரண்டு முறை எட்டு டயர்களையும் ரிம்மிலிருந்து பிரித்து மாட்ட வேண்டியிருக்கும். பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் டயரின் ஓரம், அதாவது ரிம்மைக் கவ்விப் பிடித்திருக்கும் பீடு, இழுபட்டு நைகிறது; வால்வின் ரப்பர் வளையமும் தன் பிடிப்பை இழக்கிறது. சென்சார்கள் உடைவதும் பெரும்பாலும் சாலையில் அல்ல, டயர் கடையின் இயந்திரத்தில்தான். இதற்கெல்லாம் மேலாகப் பேட்டரியை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்சாருக்குள் இருப்பது சிறிய லித்தியம் பேட்டரி. ஈரமும் அதிர்வும் தாக்காதபடி அதைப் பிசின் ஊற்றி இறுக மூடியிருப்பதால், கைக்கடிகாரத்துக்கு மாற்றுவதைப் போல அதை மட்டும் எடுத்துப் புதிதாகப் போட முடியாது. பேட்டரி தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். பொதுவாக அது ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். ஆறு ஆண்டு ஓடிய சென்சாரைக் கூலி கொடுத்துப் புதிய ரிம்மில் மாட்டி, அடுத்த ஆண்டே அது ஓய்ந்துபோனால் மிச்சம் பிடித்ததாகச் சொல்ல முடியாது. மலைக்குளிர் இந்தக் குறையை இன்னும் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். தேய்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் குளிரில் மேலும் இறங்குவதால், உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில் அந்தச் சென்சாரிடமிருந்து தகவல் வராமல் நின்று, வெயில் ஏறிய பிறகு மீண்டும் வரும். உங்கள் அலாய் சக்கரங்களில் ஏதாவது ஒன்று இப்படி நடந்துகொள்கிறதா என்று இந்தக் குளிர்காலத்தில் கவனித்து வையுங்கள்.

விளக்கு எரிந்தால் எரியட்டும் என்ற பேச்சை என்னால் ஏற்கவே முடியாது. உயரமான வண்டிகளில் டயர் பிய்ந்து பலர் உயிரிழந்ததற்குப் பிறகுதான் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, 2007 செப்டம்பர் முதல் தயாராகும் சிறு வாகனங்கள் அனைத்துக்கும் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். நீங்கள் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறீர்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெளிப்பக்கத்து முன் டயர்மீதுதான் வண்டியின் எடை சாய்கிறது. அந்த டயரில் காற்று மெல்ல இறங்கியிருந்தால் அதன் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறும். கரடுமுரடான பாதைக்கான டயர்களில் பக்கச் சுவர் தடிமனாக இருப்பதால், பத்துப் பதினைந்து பி.எஸ்.ஐ. குறைந்த பிறகும் வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் நன்றாக நிற்பதாகவே தெரியும். கண் ஏமாறுகிற இத்தகைய டயருக்குத்தான் சென்சார் மிகவும் தேவைப்படுகிறது.

இனி வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் அலைவரிசையைப் பாருங்கள். நம் நாட்டில் விற்கும் வண்டிகளின் சென்சார்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அமெரிக்கச் சந்தைக்கான பல சென்சார்கள் 315 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. விலை குறைவு என்று இணையத்தில் பார்த்து அந்த இரண்டாவது வகையை வரவழைத்தால், அது எவ்வளவு நல்ல சென்சாராக இருந்தாலும் உங்கள் வண்டியின் காதில் விழாது. அடுத்து ரிம்மின் வால்வுத் துளையைப் பாருங்கள். கார் ரிம்களில் அது ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் இருக்கும். சில பழைய ஜீப், லாரி ரிம்களில் 16 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். வண்டிக் கம்பெனியே வேறொரு ரகத்துக்குக் கொடுக்கும் இரும்பு ரிம் என்றால் இந்தச் சிக்கல் வராது. டயரின் அளவும் கம்பெனி அனுமதித்ததாக இருப்பதுதான் சட்டப்படியும் பாதுகாப்பு. மூன்றாவது, வால்வுத் தண்டு. நட்டு போட்டு இறுக்கும் அலுமினியத் தண்டு உள்ளவை பொதுவாக அலாய் ரிம்முக்கு வருகின்றன. துளை வழியே இழுத்துப் பொருத்தும் ரப்பர் தண்டு உள்ளவை இரும்பு ரிம்மில் நன்றாக உட்காரும். ரிம்மின் உட்புற வளைவில் சென்சாரின் உடல் உரசாமல், டயரின் பீடு ஏறும் வழியில் துருத்தாமல் இருக்கிறதா என்பதை டயர் போடுவதற்கு முன் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் ஒன்று உண்டு. வண்டியின் கணினி தன்னிடம் பதிவான எண்களுக்கு மட்டுமே செவிசாய்க்கும். இல்லையென்றால் போக்குவரத்து நெரிசலில் பக்கத்து வண்டியின் டயர் அழுத்தம் உங்கள் திரையில் தெரியும். ஆகவே புதிய சென்சாரை மாட்டியதும் அதன் எண்ணைப் பதிய வேண்டும். சில வண்டிகள் சிறிது தூரம் ஓட்டினால் தாமாகவே அதைக் கற்றுக்கொள்கின்றன. சிலவற்றில் வண்டியைப் புதிய எண்ணைக் கற்கும் பழகு நிலைக்குக் கொண்டுபோய், முன் இடது சக்கரத்தில் தொடங்கி வண்டியைச் சுற்றி வரும் வரிசையில், ஒவ்வொரு வால்வுக்கு அருகிலும் கைக்கருவியைப் பிடித்துச் சென்சாரை எழுப்ப வேண்டும். வேறு சிலவற்றில் சர்வீஸ் நிலையத்தின் கருவியை வண்டியோடு இணைத்துத்தான் எண்ணை எழுத முடியும். உங்கள் வண்டி இதில் எந்த வகை என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

ஆண்டுக்கு இரண்டு முறை சக்கரம் மாற்றும் உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு நல்ல வழியும் உண்டு. ஆட்டெல் போன்ற நிறுவனங்கள், எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளக்கூடிய பொதுச் சென்சார்களை விற்கின்றன. பழைய சென்சாரின் எண்ணைக் கருவியால் படித்து, புதியதில் அப்படியே எழுதிவிட்டால் வண்டிக்கு வேறுபாடே தெரியாது. சக்கரம் மாற்றும்போதெல்லாம் பதிவு வேலையும் இருக்காது. நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் ஒரே எண்ணுள்ள இரண்டு சென்சார்களும் ஒரே நேரத்தில் விழித்திருக்கக் கூடாது. கழற்றிய அலாய் சக்கரங்களை வண்டியின் பின்புறத்திலேயே ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனால், ஆட்டத்தில் அவையும் விழித்துக்கொண்டு பேச, திரையில் அழுத்தம் ஏறி இறங்கி உங்களைக் குழப்பும். எண்ணைப் பழக்கும் வகை வண்டிகளில் பழக்கும் நேரத்தில் பழைய சக்கரங்கள் அருகில் இருந்தால் தவறான எண்ணே பதிவாகிவிடவும் கூடும். அவற்றை வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அழுத்தம் 18 அங்குல டயருக்கானது. 16 அங்குல டயருக்கு, அதிலும் சுமை வண்டி ரகத்துத் தடித்த டயருக்கு, அதே எடையைத் தாங்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படலாம். எச்சரிக்கை விளக்கு எரியும் எல்லையோ பழைய கணக்கிலேயே இருக்கும். சில வண்டிகளில் சர்வீஸ் நிலையத்தார் அந்த எல்லையை மாற்றித் தருவார்கள். மாற்ற முடியாதென்றால் விளக்குக்காகக் காத்திராமல் திரையில் தெரியும் எண்ணை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டயர் மாற்றப் போன இடத்தில் ஒரு சென்சார் உடைந்துவிட்டது. இன்னொன்றில் வால்வுப் பின் திருகவே வராமல், முறுக்கியபோது தண்டே ஒடிந்தது. கடைக்காரர் சென்சார் பழையது என்கிறார். இதைத் தவிர்க்க வழி உண்டா?
– வாசகர், மஞ்சூர்

பதில்: உண்டு. நடந்தவை இரண்டும் வேறு வேறு காரணத்தால் வந்தவை.

முதலாவது இயந்திரத்தில் நடந்தது. டயரின் பீட்டை ரிம்மிலிருந்து விலக்க, அகன்ற இரும்புத் தட்டு ஒன்று பக்கவாட்டில் வந்து டயரை அழுத்தும். சென்சார் வால்வுக்கு நேர் உள்ளே, அந்தத் தட்டு அழுத்தும் இடத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது. வால்வு தட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அழுத்தினால் ஒன்றும் ஆகாது. வால்வுக்கு மேலேயே அழுத்தினால் பிளாஸ்டிக் உறை நொறுங்கிவிடும். டயரை மேசையில் சுழற்றிப் பிரிக்கும்போதும் பீடு சென்சார்மேல் ஏறி இழுக்காதபடி தொடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே சக்கரத்தைக் கழற்றும் முன்பே, “இதில் சென்சார் இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். வால்வுக்கு அருகில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டுக் கொடுப்பதும் நல்லது. வேலை தெரிந்த கடைக்காரர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது பல மாதங்களாக உள்ளுக்குள் நடந்தது. அலுமினியத் தண்டுக்குள் பித்தளைப் பின்னை, அதாவது காற்றைத் திறந்து மூடும் சிறு ஊசியைப் போட்டு, மேலே மழை ஈரமும் சேர்ந்தால், இரண்டு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் தண்டின் திருகு வரிகளில் மாவு பூசியதைப் போல வெண்மையாக ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் வால்வுப் பின் தண்டோடு ஒட்டிப்போயிருக்கும். கழற்ற முறுக்கினால் மெல்லிய அலுமினியம்தான் ஒடியும். நீண்ட நாள் மேகத்துக்குள்ளேயே இருக்கும் குந்தா பக்கத்தில் இது மற்ற இடங்களைவிடச் சீக்கிரமே நடக்கும். சென்சார் வால்வுக்கு நிக்கல் பூச்சுள்ள பின்னை மட்டுமே போட வேண்டும். பஞ்சர் கடையில் அவசரத்துக்குக் கையில் கிடைக்கும் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டுக்கொண்டால், வீடு திரும்பியதும் மாற்றிவிடுங்கள். பளபளக்கும் உலோக மூடிகளையும் போடாதீர்கள். உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடிதான் இதற்கு ஏற்றது.

ஒவ்வொரு முறை டயரைக் கழற்றும்போதும் ரப்பர் வளையம், நட்டு, பின், மூடி ஆகிய நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இவை ஒரே பொட்டலமாகக் கிடைக்கின்றன, விலையும் சென்சாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நட்டை இறுக்கும்போது கைபலத்தைக் காட்டக் கூடாது. பெரும்பாலான அலுமினியத் தண்டுகளுக்கு 4 முதல் 8 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். சக்கர நட்டுகளை இறுக்கும் பெரிய ஸ்பானரால் அந்த அளவைக் கையில் உணரவே முடியாது. துளையை அடைக்கும் திரவத்தை டயருக்குள் ஊற்றும் வழக்கம் இருந்தால் அதையும் யோசித்துச் செய்யுங்கள், ஏனெனில் அழுத்தத்தை உணரும் சென்சாரின் சிறு துளையையும் அது அடைத்துவிடக்கூடும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் 32 பி.எஸ்.ஐ. காற்று பிடித்துக்கொண்டு உதகைக்கு ஏறுகிறேன். மேலே வந்ததும் திரையில் 28, 29 என்று காட்டுகிறது. காற்றை அளக்கும் கைக்கருவியை வைத்துப் பார்த்தால் 32 இருக்கிறது. சக்கரம் மாற்றிய பிறகுதான் இதைக் கவனிக்கிறேன். புதிய சென்சார் பழுதா?
– வாசகர், உதகை

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. நான்கு சக்கரங்களும் ஒன்றுபோலக் குறைத்துக் காட்டினால், மலையே அதற்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கைக்கருவி காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை. டயருக்குள் அடைபட்டிருக்கும் சென்சாருக்கு வெளிக்காற்றைத் தெரியாது. அது உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தையும் அளந்து அனுப்புகிறது. அதிலிருந்து வெளிக்காற்றைக் கழித்துத் திரையில் காட்டுவது வண்டியின் கணினி. சில கணினிகள் அந்தந்த இடத்துக் காற்றழுத்தத்தைக் கழிக்கின்றன. சில, எப்போதும் கடல் மட்டத்து அழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ.யையே கழிக்கின்றன.

மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்று ஏறத்தாழ 14.1 பி.எஸ்.ஐ. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே அது 11.2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கீழே 32 டிகிரி வெப்பத்தில் 32 பிடித்த டயருக்குள் முழு அழுத்தம் 46.1. மேலே ஏறி, வண்டியை நிறுத்தி, டயர் ஆறி 12 டிகிரிக்கு வரும்போது குளிரால் காற்று சுருங்கி அது 43.1 ஆகிறது. இதிலிருந்து உதகையின் 11.2ஐக் கழித்தால் கிட்டத்தட்ட 32. உங்கள் கைக்கருவி சொல்வது இதைத்தான். உயரம் கொடுப்பதைக் குளிர் எடுத்துக்கொள்வதால் எண் மாறவில்லை. அதே 43.1லிருந்து 14.7ஐக் கழித்தால் 28.4 வருகிறது, உங்கள் திரை சொல்வது இது. இரண்டு கருவிகளும் தத்தம் கணக்கில் சரியாகவே சொல்கின்றன. டயருக்கு எது பொருந்தும் என்று கேட்டால், கைக்கருவியின் எண்ணையே நம்புங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கோயம்புத்தூரிலிருந்து வெயிலில் ஓட்டிவந்து, டயர் சூடாக இருக்கும்போதே மேட்டுப்பாளையத்தில் 32 பிடித்துக்கொண்டு மேலே போகிறவர்களுக்குத்தான். மறுநாள் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியாக இருக்கும் காலையில் அந்த டயர் 28 அளவுக்கும், கடல் மட்டக் கணக்குப் போடும் திரை 25 அளவுக்கும் இறங்கியிருக்கும். விளக்கு எரிவதற்கு அது மிக அருகில். வெப்பம் ஆறு டிகிரி மாறினால் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. மாறும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலையிலேயே வாழ்கிறவர்கள் மலையிலேயே, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபார்ப்பதே முறை.

நான்கில் ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது கசிவு, புதிதாகப் பொருத்திய வால்வின் அடியில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கண்சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் அது காற்றைப் பற்றிய செய்தியல்ல. சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை, அல்லது எண் பதிவாகவில்லை என்று பொருள்.

கேள்வி: என் பழைய ஜீப்பில் சென்சார் இல்லை. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்கள் போடலாமா? தோட்டத்து வேலைக்குத்தான் வண்டி ஓடுகிறது.
– வாசகர், கூடலூர்

பதில்: தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டி என்றால் தாராளமாகப் போடலாம் என்பேன். தோட்டத்து வண்டிக்கு எனக்குத் தயக்கம் உண்டு. மூடிபோல் திருகும் சென்சார், அழுத்தத்தை உணர்வதற்காக வால்வுப் பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். அதாவது டயரின் காற்றைத் தாங்கி நிற்பது வால்வு அல்ல, அந்தச் சென்சாரின் சிறிய ரப்பர் வளையம். காபிச் செடியின் கட்டையோ வரப்புக் கல்லோ பட்டு அது உடைந்தால் டயர் அங்கேயே இறங்கிவிடும். சாதாரண ரப்பர் வால்வில் அதன் எடை வேகத்தில் தண்டை வளைத்துக்கொண்டே இருப்பதால் அடிப்பகுதி வெடிக்கவும் கூடும். உங்கள் ரிம்மின் துளைக்கு ஏற்ற உட்புறச் சென்சார்கள், முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கும் சிறு திரையோடு சேர்த்துத் தனித் தொகுதியாகக் கிடைக்கின்றன. அடுத்த முறை டயர் மாற்றும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை நல்ல கைக்கருவி ஒன்றே போதும். டியூப் உள்ள டயர் என்றால் உட்புறச் சென்சார் பொருந்தாது.

கேள்வி: சேற்றுக்காக டயரில் காற்றைக் குறைத்தால் விளக்கு எரிந்து, ஒலியும் எழுப்புகிறது. பழைய சென்சார்களை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, காற்று அடைத்து, வண்டிக்குள் வைத்துவிட்டால் விளக்கு எரியாது என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? ஸ்டெப்னிக்கும் சென்சார் வேண்டுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: குழாய் வேலையைச் செய்யாதீர்கள். திரையில் நான்கு டயரும் 32 என்று காட்டிக்கொண்டே இருக்க, உண்மையில் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது பர்லியார் வளைவில் நீங்கள் அதை நம்பித்தான் ஓட்டுவீர்கள். உங்களிடமிருந்து வண்டியை வாங்கி ஓட்டும் வீட்டாரும் நம்புவார்கள். பி.வி.சி. குழாயில் காற்றை அடைப்பதே ஆபத்து; அது உடைந்தால் சில்லுகளாகத் தெறிக்கும். சேற்றில் 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கும்போது விளக்கு எரிவது கருவி ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். அந்த நேரத்துக்கு ஒலியை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன் சிறிய கம்ப்ரஸரால் பழைய அளவுக்குக் காற்றை நிரப்பிவிட்டால் விளக்கும் அணைந்துவிடும். இவையெல்லாம் சொந்தப் பட்டா நிலத்துக்கும் அனுமதி பெற்ற தோட்டப் பாதைக்கும்தான்; காப்புக்காட்டுக்குள் வண்டியை இறக்குவது குற்றம்.

ஸ்டெப்னியைப் பொறுத்தவரை, டியூப் இல்லாத டயர்களும் பஞ்சர் ஒட்டும் தொகுதியும் காற்றழுத்தச் சென்சார்களும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது உண்மை. ஆனால் டயரின் பக்கச் சுவரைக் கல் கிழித்துவிட்டால் எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது. மலையில் ஸ்டெப்னி இல்லாமல் போகாதீர்கள். நீங்கள் ஐந்து டயர்களையும் சுழற்சி முறையில் மாற்றி ஓட்டுபவர் என்றால் ஐந்தாவதிலும் சென்சார் போட்டு, வண்டி ஐந்து எண்களை ஏற்குமா என்று சர்வீஸ் நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். ஏற்காத வண்டியில் ஸ்டெப்னியை மாட்டிய பிறகு விளக்கு எரியத்தான் செய்யும். பஞ்சர் ஒட்டி மூலச் சக்கரம் திரும்பி வரும்வரை அந்த ஒரு டயரைக் கைக்கருவியால் தினமும் பாருங்கள். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியில் கதவோரத்து அட்டை சொல்வதைவிட மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகவே காற்று வைத்திருங்கள். மாட்டும்போது அதிகத்தைத் தட்டி வெளியேற்றுவது எளிது, நடுவழியில் நிரப்புவதுதான் கடினம்.